பென்டாக்ஸ் 645இசட் வைத்திருப்பவர்கள் இனி என்ன செய்வது?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்படம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் கேட்டலாக் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். எட்டு ஆண்டுகளாக இந்த வேலை முழுவதையும் பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட் கேமராவான பென்டாக்ஸ் 645இசட்டின் ஒரே ஒரு பாடியை (லென்ஸ் நீங்கலான கேமரா உடம்பு) வைத்துத்தான் செய்துவருகிறேன். மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் எஃப்ஏ 120 மி.மீ. மேக்ரோ, எஃப்ஏ 75 மி.மீ., டி எஃப்ஏ 55 மி.மீ. என்று மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் 120 மேக்ரோ இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே இல்லை.

வெள்ளி எவ்வளவு பொல்லாத பொருள் என்பது அதைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும். கொலுசில் கோத்திருக்கும் ஒவ்வொரு முத்தும் ஒரு சிறிய கண்ணாடி உருண்டை. சுற்றியிருக்கும் சாஃப்ட்பாக்ஸ், வெள்ளை அட்டை, என் சட்டை, கேமராவின் கருப்பு உடம்பு என எல்லாமே அதற்குள் தெரியும். முத்தின் உச்சியில் வெள்ளை எரிந்துபோகவும் கூடாது, பக்கத்திலுள்ள பள்ளத்தில் பொடி வைத்துப் பற்றவைத்த இடம் கருப்பாக அடைத்துக்கொள்ளவும் கூடாது. வாங்க வருபவர் படத்தைப் பெரிதாக்கிக் கொக்கியையும் திருகையும்தான் முதலில் பார்க்கிறார். இந்த நுணுக்கத்தை 43.8 × 32.8 மி.மீ. சென்சார் தரும் அளவுக்கு என் பழைய கேமரா தரவில்லை என்பதால்தான், கையிலிருந்த சேமிப்பையும் வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய தொகையையும் சேர்த்து அன்றைக்கு இதை வாங்கினேன். இதன் படம் 8,256 பிக்சல் அகலம் கொண்டது. 300 டிபிஐ கணக்கில் ஏறத்தாழ 70 செ.மீ. அகலத்துக்குத் தாராளமாக அச்சிடலாம். கடை வாசலில் வைக்கும் பலகைக்கும் அதே கோப்பு போதுமானதாக இருந்துவருகிறது.

கேமராவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கவலையெல்லாம் அதன் எதிர்காலத்தைப் பற்றித்தான். 645இசட் வெளிவந்தது 2014இல். அதற்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு புதிய பாடிகூட வரவில்லை. அதே காலத்தில் ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் என்னும் தன் மீடியம் ஃபார்மட் வரிசையை 2017இல் 50எஸ் பாடியோடு தொடங்கி, 2019இல் 100 மெகாபிக்சலுக்குப் போய், அதன் பிறகும் ஓராண்டு ஈராண்டு இடைவெளியில் புதிய பாடிகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேனோ என்ற எண்ணம் இரவில் தூங்கவிடுவதில்லை.

இந்த நேரத்தில் கோயம்புத்தூரில் தொழிலை விட்டு விலகும் ஒரு மூத்த ஒளிப்படக்காரர், தம்மிடமுள்ள இன்னொரு 645இசட் பாடியையும் டி எஃப்ஏ 28-45 மி.மீ. லென்ஸையும் சேர்த்து நியாயமான விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஏற்காட்டிலுள்ள சில தங்கும் விடுதிகளும் காப்பித் தோட்டங்களும் கட்டட, நிலக்காட்சிப் படங்களுக்கு என்னை அழைக்கத் தொடங்கியிருப்பதால் அந்த அகலக்கோண லென்ஸுக்கு வேலையும் இருக்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களை முறையாக அனுமதி பெற்றுப் படமாக்க வேண்டும் என்ற ஆசையும் நெடுநாளாக உண்டு.

புதிய பாடி வராத ஒரு கேமரா வரிசையில் மேலும் பணம் போடுவது அறிவுடைமையா? அல்லது இருப்பதையெல்லாம் விலை போகும்போதே விற்றுவிட்டு, கடன் வாங்கியாவது ஜிஎஃப்எக்ஸுக்கு மாறிவிட வேண்டுமா? தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். அந்த நேரத்தில் இந்த ஒரே பாடி நின்றுபோனால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஏற்காடு மலைத்தோட்டம்

வணக்கம். நானும் 645இசட் வைத்திருப்பவன் என்பதால் உங்கள் கேள்வி எனக்கும் உரியது. மலையில் பூக்களையும் ஆர்க்கிட் வகைகளையும் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கும் பனியையும் எடுத்துவருகிறேன். இது எனக்குத் தொழில் அன்று. ஆகவே நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசைக்கு நிச்சயமின்மை புதிதன்று. பென்டாக்ஸ் 645 ஃபிலிம் கேமராவாக 1984இல் பிறந்தது. டிஜிட்டல் 645 வரப்போகிறது என்று 2005இலேயே அறிவித்தார்கள். பிறகு அந்த வேலையை நிறுத்திவைத்தார்கள். இடையில் 2008இல் பென்டாக்ஸ் நிறுவனமே ஹோயாவுடன் இணைந்தது. ஒருவழியாக 2010இல் 40 மெகாபிக்சல் சிசிடி என்னும் பழைய வகைச் சென்சாரோடு 645டி வந்தது. அடுத்த ஆண்டே கேமராப் பிரிவு ரிக்கோவின் கைக்கு மாறியது. ஒரு வீட்டுப் பிள்ளை மூன்று வீடுகளில் வளர்ந்ததைப் போன்ற கதை இது. அப்படியிருந்தும் 2014இல் வந்த 645இசட் அன்றைய நிலவரத்தில் பெரிய பாய்ச்சலாகத்தான் இருந்தது. மீடியம் ஃபார்மட்டில் சிமாஸ் என்னும் புதிய வகைச் சென்சார் நுழைந்த முதல் ஆண்டு அதுதான், மற்ற நிறுவனங்கள் அதே 50 மெகாபிக்சல் சோனி சென்சாரைப் பல மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன.

இன்று ரிக்கோவின் கவனம் வேறு பக்கம் இருக்கிறது. 2023இல் கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் கே-3 மார்க் 3 மோனோகுரோம், 2024இல் பென்டாக்ஸ் 17 என்னும் அரைச்சட்ட ஃபிலிம் கேமரா என்று அந்த நிறுவனம் தனக்கென ஒரு சிறிய வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்த வழியை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் 645இசட்டுக்கு ஒரு வாரிசு நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. வரும் என்று காத்திருந்து எந்த முடிவையும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வாரிசு இல்லாமல் போன மீடியம் ஃபார்மட் கேமராக்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கான்டாக்ஸ் 645, 1999இல் வந்தது. 2005இல் கியோசெரா கேமராத் தொழிலிலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. அதன் பிறகும் திருமணப் படமெடுப்பவர்கள் பல ஆண்டுகள் அதை விரும்பித் தேடி வாங்கினார்கள். அதன் 80 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்கு இருந்த மதிப்பு அப்படி. இன்னொரு பக்கம் ஹாசல்பிளாடின் வி வரிசை: 1957இல் வந்த 500சி முதல் 2013இல் 503சிடபிள்யூ நிறுத்தப்படும் வரை நீண்ட ஆயுள். நிறுத்திய பிறகும் அந்தப் பழைய பாடிகளின் முதுகில் மாட்டிக்கொள்ளும்படி 100 மெகாபிக்சல் கொண்ட சிஎஃப்வி 100சி டிஜிட்டல் பேக்கை (சென்சார் பொதிந்த பின்பக்கப் பகுதி) 2024இல் வெளியிட்டார்கள். பேக் தனியாகக் கழன்று வரும் அமைப்பு என்பதால் அது முடிந்தது. நம் 645இசட்டில் சென்சார் பாடிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அந்த நல்லூழ் நமக்கு வாய்க்காது. நம்முடைய பாடி இறந்தால் இறந்ததுதான்.

ஆயினும் நான் என்னுடையதை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. மழையிலும் மூடுபனியிலும் இது தயங்காமல் உழைக்கிறது. முக்காலியில் வைத்து மிரரை உயர்த்திவிட்டு ஒரு நொடி எக்ஸ்போஷரில் எடுக்கும் எனக்கு, வேகமான ஆட்டோஃபோகஸ் எதற்கு? பேட்டரியும் கவலை தருவதில்லை. இதிலுள்ள டி-எல்ஐ90 பேட்டரிதான் பென்டாக்ஸின் கே-1, கே-3 வரிசைகளிலும் வருகிறது என்பதால் அது கிடைக்காமல் போகும் நாள் அண்மையில் இல்லை.

ஒன்றை மட்டும் மலைக்கு வரத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், என் 35 மி.மீ. லென்ஸைத் தோட்டத்து வீட்டு அலமாரியில் தோல் பைக்குள்ளேயே ஐந்து வாரம் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் இழுத்ததைப் போல வெண்பூஞ்சை கிளை விட்டிருந்தது. டார்ச்சை முன்பக்கமிருந்து அடித்தால்தான் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு லென்ஸ் சுத்தமாகவே இருந்தது. சுத்தம் செய்த பிறகும் அந்த இடத்தில் கோட்டிங் அரித்த தடம் நின்றுவிட்டது. வெயிலுக்கு எதிராக எடுத்தால் இன்றும் ஒரு மங்கல் விழுகிறது. 5,000 அடி உயரத்தில் நிறுவனத்தின் எதிர்காலத்தை விட ஈரம்தான் விரைவாக வேலை செய்கிறது. ஈரம் உறிஞ்சும் மின்பெட்டி ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள்.

பதில் 2: செர்ரி ரோடு பழுதுபார்ப்பவர்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேமரா பழுது பார்த்துவருகிறேன். மேலே தோட்டத்து நண்பர் எழுதிய வரலாறு சரிதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு வரலாற்றிலிருந்து விடை கிடைக்காது என்று நினைக்கிறேன். ஒரு கேமரா வரிசை ஒரே நாளில் சாவதில்லை. அதன் ஒவ்வொரு உறுப்பும் வெவ்வேறு காலத்தில் போகும். எது முதலில் போகும், எது போனால் மாற்று உண்டு என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் பணத்தை எங்கே போடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் போவது கேமராவின் உறுப்பே அன்று. கணினியில் இருக்கும் மென்பொருள். கேமராவைக் கேபிளில் இணைத்துத் திரையில் பார்த்தபடி எடுப்பதற்கு நீங்கள் இமேஜ் டிரான்ஸ்மிட்டர் 2 பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் இயங்குதளத்தை நீங்கள் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருளுக்கு ஒரு கண்டம்தான். அதனால் இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, படமெடுக்கும் வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் கேமராவில் பிஇஎஃப், டிஎன்ஜி என இரண்டு வகை ரா (சென்சார் பதிந்த மூலத் தரவு) கோப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். டிஎன்ஜி என்பது 2004இல் அடோபி வெளியிட்ட, விவரக்குறிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கும் வடிவம். இதுவரை பிஇஎஃப்பில் எடுத்திருந்தால் இன்றே மெனுவில் மாற்றிவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு பட்டறைக்காரர் பழைய டிசைனைக் கேட்டு வந்தால் திறக்க முடிய வேண்டும்.

அடுத்து ஷட்டர். உங்கள் பாடியின் ஷட்டர் 1,00,000 முறை வரை சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு. கொலுசுக்கு ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது முப்பது படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும் வேலை உங்களுக்கு இருந்தே தீரும். ஓர் உருவத்தை அதன் முழு அளவிலேயே சென்சாரில் விழச் செய்தால் எஃப்/11இல்கூட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம்தான் துலக்கமாக வரும். முத்தின் உருளைக்கு அது போதாது. ஆகையால் ஒரு நிலக்காட்சிக்காரர் பத்தாண்டில் எடுப்பதை நீங்கள் ஒரே ஆண்டில் எடுத்திருப்பீர்கள். எண்ணிக்கை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியில் இல்லாத மிக முக்கியமான எண் அதுதான்.

ஷட்டரையும் மிரர் பொறியமைப்பையும் இன்னொரு பாடியிலிருந்து கழற்றி மாட்ட முடியும். கார்டு நுழையும் இடத்தின் முள், சாயும் திரைக்குப் போகும் பட்டைக் கம்பி, கேபிள் சொருகும் யூஎஸ்பி வாய் போன்றவையும் அப்படித்தான். எந்த நிறுவனத்தின் கேமரா ஆனாலும் ஸ்டூடியோவில் தினமும் கேபிள் சொருகி எடுப்பவர்களுக்கு முதலில் தளர்வது அந்த வாய்தான் என்பது என் அனுபவம். கேபிளை முக்காலிக் காலில் கட்டி, இழுவிசை வாயில் விழாதபடி செய்யுங்கள். மெயின்போர்டு போனால் மட்டும் மாற்றுப் பாடியைத் தவிர வேறு வழியில்லை. அதைச் சிப் அளவில் சீர்செய்வேன் என்று யாராவது சொன்னால் பணத்தை முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொரு கேமராவுக்காக, பெயர் வேண்டாம், ஒரு சேவை மையத்துக்கு நானே அனுப்பி, ஏழு மாதம் கழித்துப் பெட்டி பிரிக்கப்படாமல் திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்து நின்றேன்.

ஆகவே கோயம்புத்தூர்ப் பாடியை வாங்குங்கள். அதை இரண்டாவது கேமரா என்று எண்ணாமல், உங்கள் தொழிலுக்கான காப்பீட்டுத் தொகை என்று எண்ணி வாங்குங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஒன்று நின்றால் மற்றொன்றைத் திருகி மாட்டி அன்று மாலையே வேலையைத் தொடரலாம். வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையையும், லைவ் வியூவில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் படத்தில் சூடான புள்ளிகள் பெருகுகின்றனவா என்பதையும், இரண்டு கார்டு வாய்களிலும் எழுதுகிறதா என்பதையும் அங்கேயே நின்று பாருங்கள்.

28-45 லென்ஸ் பற்றி நான் வேறு கருத்துடையவன். உங்கள் எஃப்ஏ 120இலும் 75இலும் அபர்ச்சரை (ஒளி நுழையும் துளை) மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. டி எஃப்ஏ 28-45இல் அந்த வளையம் கிடையாது. உங்கள் 55இலும் கிடையாது. இதைச் சின்ன வேறுபாடு என்று எண்ண வேண்டாம். பென்டாக்ஸ் 645இல் லென்ஸ் மவுன்டுக்கும் சென்சாருக்கும் இடையே 70.87 மி.மீ. தூரம், ஜிஎஃப்எக்ஸில் வெறும் 26.7 மி.மீ. நடுவிலுள்ள 44 மி.மீ. இடைவெளியில் ஒரு வெறும் உலோகக் குழாயை அடாப்டராக வைத்தாலே உங்கள் 120 மேக்ரோ நாளைக்கு ஜிஎஃப்எக்ஸில் உட்கார்ந்துவிடும். ஃபோகஸைக் கையால் திருப்பி, அபர்ச்சரை வளையத்தில் வைத்து எடுக்கலாம். உங்கள் வேலையில் இப்போதும் அப்படித்தானே எடுக்கிறீர்கள்? ஆனால் 28-45ஐ அங்கே கொண்டுபோனால் ஆட்டோஃபோகஸ் போகும், அதிலுள்ள அதிர்வுத் தடுப்பு போகும், அபர்ச்சரை அடாப்டரிலுள்ள நெம்புகோலால் குத்துமதிப்பாக நகர்த்த வேண்டியிருக்கும். ஒன்றரைக் கிலோ எடையும் மிஞ்சும். அருமையான லென்ஸ் அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாடி உயிரோடு இருக்கும் வரைதான் அதற்கும் உயிர்.

பாடி போனாலும் வேறு வீட்டில் பிழைத்துக்கொள்ளும் பொருளில் பணத்தைப் போடுங்கள். உடன்கட்டை ஏறும் பொருளில் போட வேண்டாம். அகலக்கோணம் தேவையென்றால் வளையம் உள்ள பழைய ஏ 35 அல்லது எஃப்ஏ 35 மி.மீ. லென்ஸைத் தேடுங்கள்.

பதில் 3: இளம்பிள்ளைப் புடவை ஸ்டூடியோ

மேலே பேசிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் தொழில் செய்பவருக்கு இருவரும் சொன்ன ஆலோசனை சற்றுத் தாமதமாக்கும் ஆலோசனை என்று நினைக்கிறேன்.

நான் இளம்பிள்ளையில் புடவைக் கேட்டலாக் எடுக்கிறேன். என்னிடமும் 645இசட்தான் இருந்தது. புடவையில் எனக்கிருந்த ஒரே தொல்லை, இழையின் மேல் வானவில் போல நெளியும் மோரே கோடுகள். 645இசட்டில் அதைத் தடுக்கும் மெல்லடுக்கு வடிகட்டி சென்சாருக்கு முன் கிடையாது. நுணுக்கம் கூடுவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நெருக்கமாக நெய்த பட்டின் இழையும் 5.3 மைக்ரான் பிக்சலும் ஒன்றோடொன்று மோதும் தூரத்தில் கேமராவை வைத்துவிட்டால் தொலைந்தது. மயில்கழுத்து நீல உடலில் சிவப்பும் பச்சையும் அலையடிக்கும். வண்ணம் மாறித் தெரிகிறது என்று வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் நெசவாளருக்கு. ஒவ்வொரு படத்திலும் அதைத் துடைத்துச் சரிசெய்ய இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

100 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸுக்கு மாறிய பிறகு, பிக்சல் 3.76 மைக்ரானாகச் சுருங்கியதால், அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போதிய அளவு குறைந்தது. உங்களுக்கு மோரே தொல்லை இல்லை. ஆனால் நீங்கள் கையால் ஃபோகஸை நகர்த்தி எடுக்கும் முப்பது படங்களை ஜிஎஃப்எக்ஸ் தானே நகர்த்தி எடுத்துக்கொடுத்துவிடும். ஒரு கொலுசுக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்றால், தீபாவளிப் பருவத்தில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வசதி ஃபூஜியின் சொந்த லென்ஸ்களில்தான் வேலை செய்யும். பழுதுபார்க்கும் ஐயா சொன்ன அடாப்டர் வழியில் போனால் அது கிடையாது. ஃபூஜியின் 120 மி.மீ. மேக்ரோவோ பாதி அளவு வரைக்கும்தான் நெருங்கும். உங்கள் எஃப்ஏ 120 போல முழு அளவுக்கு வர வேண்டுமென்றால் 45 மி.மீ. நீட்டிப்புக் குழாய் தனியாக வாங்க வேண்டும். ஆக, பாடி, லென்ஸ், குழாய் என்று மூன்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் மாற்றத்தின் உண்மையான விலை தெரியும். நான் அந்தக் கணக்கைப் போடாமல் பாடியை மட்டும் பார்த்து இறங்கி, முதல் ஆண்டு தவணை கட்டத் திணறினேன்.

இருந்தும் என் கருத்து ஒன்றுதான். பழைய பாடியின் விலை ஆண்டுக்காண்டு இறங்குகிறது. கோயம்புத்தூர்ப் பாடிக்குக் கொடுக்கும் பணத்தை ஜிஎஃப்எக்ஸுக்கான முன்பணமாக ஒதுக்குங்கள்.

பதில் 4: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்படம்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவற்றையெல்லாம் இரண்டு முறை படித்துவிட்டு, ஐயா சொன்னபடி ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்தேன். 71,400 ஓடியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000. இதே வேகத்தில் போனால் 1,00,000 என்ற எண்ணைத் தொட இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. எட்டு ஆண்டாக மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்த பயத்துக்கு ஓர் எண் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டியும் ஷட்டர் ஓடலாம், அதற்கு முன்பே நிற்கவும் செய்யலாம் என்பதை அறிவேன். எடுத்துவைத்திருந்த கோப்புகளைத் திறந்து பார்த்ததில், எட்டு ஆண்டாக பிஇஎஃப்பிலேயே எடுத்துவந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. இன்று காலை மெனுவில் டிஎன்ஜிக்கு மாற்றிவிட்டேன்.

புடவை ஸ்டூடியோ நண்பர் சொன்ன கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பாடி, மேக்ரோ, நீட்டிப்புக் குழாய் மூன்றும் சேர்ந்தால் எனக்கு இரண்டு தீபாவளிப் பருவங்களின் நிகர வருமானம் ஆகிறது. அந்தக் கடனை இந்த ஆண்டு நான் தாங்க மாட்டேன். வீட்டு நகையை மீட்டு இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே கோயம்புத்தூர்ப் பாடியை மட்டும் வாங்குவது, 28-45ஐ விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த மூத்தவரிடம் இதைச் சொன்னபோது லென்ஸைத் தனியாக விற்பது கடினம் என்று சற்று வருத்தப்பட்டார். அந்த வருத்தமே ஐயாவின் கருத்துக்குச் சான்றாக எனக்குப் பட்டது. ஏற்காட்டு வேலைக்கு எஃப்ஏ 35 மி.மீ. தேடத் தொடங்கிவிட்டேன்.

மூன்று ஆண்டு கழித்து மாறுவதாக இருந்தால், என் 120 மேக்ரோ ஜிஎஃப்எக்ஸின் 100 மெகாபிக்சலைத் தாங்குமா என்பதுதான் இப்போது எஞ்சியிருக்கும் ஐயம். ஃபிலிம் காலத்தில் வடிவமைத்த லென்ஸ் அது. 51 மெகாபிக்சலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த நெருக்கமான பிக்சலில் ஓரம் கரையுமா, முத்தின் விளிம்பில் ஊதா நிறம் படியுமா? யாரேனும் எடுத்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பதில் 5: இளம்பிள்ளைப் புடவை ஸ்டூடியோ

உங்கள் முடிவு எனக்கு ஏற்புடையதே. கடன் கணக்கை நான் உங்கள் இடத்திலிருந்து பார்க்கவில்லை.

லென்ஸ் பற்றிய கேள்விக்கு எழுத்தில் விடை சொல்வதை விட எடுத்துப் பார்ப்பது நல்லது. என்னிடம் பென்டாக்ஸ் 645 - ஜிஎஃப்எக்ஸ் அடாப்டர் ஒன்று இருக்கிறது, பழைய லென்ஸ்களுக்காக வாங்கியது. வரும் ஞாயிறு காலை பாடியோடு செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன். நல்ல மெருகேற்றிய கொலுசு ஒன்றும், மெருகு போடாத கொலுசு ஒன்றும் எடுத்து வையுங்கள். ஒரே விளக்கில், ஒரே முக்காலியில், எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11 மூன்றிலும் இரண்டு பாடிகளிலும் எடுப்போம். எஃப்/11க்கு மேல் போனால் 3.76 மைக்ரான் பிக்சலில் ஒளியின் விளிம்பு விளைவு (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) நுணுக்கத்தை அதிகமாகத் தின்றுவிடும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். கோப்புகளை அப்படியே இங்கே போட்டுவிடுகிறேன். பழுதுபார்க்கும் ஐயாவும் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும்.

பதில் 6: செர்ரி ரோடு பழுதுபார்ப்பவர்

ஞாயிறு காலை நானும் வருகிறேன். கோயம்புத்தூர்ப் பாடி அதற்குள் வந்துவிட்டால் அதையும் திறந்து வையுங்கள், தம்பி. மிரர் இருக்கும் பெட்டியின் உள்சுவரையும் ஷட்டர் இதழ்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.